ஐந்தே முக்காலுக்குப் பூட்டும் கிளை

தங்கச்சி மகள் திவ்யா பெரியபிள்ளையாகிவிட்டாள், சனிக்கிழமை காலை சடங்கு, தாய்மாமன் சீரோடு வந்து நிற்க வேண்டும் என்று ஹேவாஹெட்டவிலிருந்து போன் வந்தது. வத்தளையில் இருக்கும் நான் வெள்ளிக்கிழமை விடியக் கிளம்பினேன். கண்டிக்குப் போகிறவர்கள் ஏரியையும் மலையையும் பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு சாரிக்காக. ஆனாலும் கடுகண்ணாவை, கண்டி, வத்தேகம, ஹேவாஹெட்ட என்று நான்கு ஊரை ஒரே நாளில் பஸ்ஸில் சுற்ற நினைப்பவர்களுக்கு இதில் உதவக்கூடிய விபரங்கள் இருக்கின்றன. போகிற வழியில் கடைக்கும் போக வேண்டியவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

முதலில் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரு சாரிக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பீர்கள். தங்கச்சி செல்வி எங்கள் வீட்டுக் கடைக்குட்டி. எனக்கும் அவளுக்கும் பதினேழு வருட இடைவெளி. அவளுடைய வீட்டுக்காரர் ராஜேந்திரன் நல்ல மனிதர்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். போனை வாங்கி, "மச்சான், நீங்க கொழும்புல இருந்து வந்து எதுக்கு அலையணும்? நாங்களே ஒரு சாரி எடுத்து வச்சுட்டோம். சும்மா கைய வீசிக்கிட்டு வாங்க" என்றார். கேட்பதற்கு அன்பு மாதிரி இருக்கும். எங்கள் ஆட்களுக்கு அதன் அர்த்தம் விளங்கும்.

அரைமணி நேரம் கழித்துச் செல்வி தனியாக எடுத்தாள். "அண்ணே, அவரு எடுத்த சாரிய அவ கட்டக்கூடாது. தண்ணி ஊத்துன ஒடனே நீ கொண்டுவர்ற சாரியத்தான் கட்டணும். இவரோட அக்காமாரு எல்லாம் பாத்துக்கிட்டே இருக்காங்க. சனிக்கிழமை ஒம்பதுக்கு ராகுகாலம், அதுக்கு முன்னுக்கு எல்லாம் முடியணும். நீ வெள்ளிக்கிழமையே வந்துரு." தாய்மாமன் இருக்கும்போதே அப்பன் எடுத்த சாரியைப் பிள்ளை கட்டினால், அந்தப் பேச்சு அவள் கல்யாணம் வரைக்கும் ஓடும். செல்வி அந்த வீட்டில்தான் வாழ வேண்டும்.

சாரியை ஒரு சங்கிலிக் கடையில் எடுத்தோம். மலையகத்தில் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் கடை. விளம்பரமும் வேண்டாம், வழக்கும் வேண்டாம் என்பதால் பெயரைப் போடவில்லை. ஆரஞ்சு போர்ட் கடை என்று வைத்துக்கொள்வோம். துணிமணி, பிளாஸ்டிக் வாளி, பிஸ்கட், பாடசாலைக் கொப்பி எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். கண்டிக் கிளையிலிருந்து போனுக்குப் படங்கள் அனுப்பினார்கள். என் மனைவி இரண்டு நாள் யோசித்து அரக்கு நிறத்தில் மாம்பழக் கரை போட்ட ஒன்றைத் தெரிவுசெய்தாள். "எங்களுக்கு எல்லாக் கிளையும் ஒண்ணுதான் அங்கிள். வேன்ல ஹேவாஹெட்டைக்கு அனுப்பிடுறோம். இங்க காசக் கட்டிட்டு அங்க எடுத்துக்கங்க" என்றான் அங்குள்ள தம்பி. வசதியாகத்தான் இருந்தது. மனைவிக்கு வேலையில் லீவு கிடைக்காததால் நான் தனியாகப் புறப்பட்டேன்.

புறக்கோட்டையில் காலை ஐந்தரைக்கு பஸ் ஏறினேன். கண்டிக்கு நூற்றுப் பதினைந்து கிலோமீற்றர். ஏ.சி. பஸ் கொஞ்சம் சீக்கிரம் போகும், ஆனால் ஜன்னல் திறக்க முடியாது. கணவாய்க் காற்று முகத்தில் படாமல் கண்டிக்குப் போவதில் எனக்கு விருப்பமில்லை. கடுகண்ணாவையில் மலை ஏறியதும் எட்டேகாலுக்கு தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். பஸ் நின்ற இடத்துக்கு எதிரிலேயே ஆரஞ்சு போர்ட் கடை இருந்தது. பல் துலக்கும் பிரஷை வீட்டில் மறந்து வந்திருந்தேன், உள்ளே போனேன். கதவில் காலை 6.30 என்று எழுதியிருந்தது. இவ்வளவு வேளைக்கே யார் வந்து வாங்குகிறார்கள் என்று காசாளர் பெண்ணிடம் கேட்டேன்.

"கண்டிக்கு வேலைக்குப் போறவங்க ரயிலுக்கு முந்தி வருவாங்க" என்றாள். "குடை, சொக்ஸ், சாப்பாட்டுப் பெட்டி, புள்ளைங்களுக்குக் கொப்பி. ஒம்பது மணிக்குத் தொறந்தா இங்க ஈதான் ஓட்டணும்." அதே கடையின் கண்டிக் கிளை ஒன்பதுக்குத்தான் திறக்கிறது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிரஷை வாங்கிக்கொண்டு, ஹாரன் சத்தத்துக்கு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஒன்பது மணி தாண்டிக் கண்டி. மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கடை. படம் அனுப்பிய தம்பி இருந்தான், காசைக் கட்டினேன், பற்றுச்சீட்டைத் தந்தான். "சாரி நேத்தே வேன்ல போயிருச்சு அங்கிள்." அங்கே எத்தனை மணி வரைக்கும் திறந்திருப்பார்கள் என்று கேட்டேன். அவன் தலையைத் தூக்கித் தன் கடைக் கதவில் இருந்த நேரத்தைப் பார்த்துவிட்டு, "எட்டு மணி வரைக்கும்" என்றான். நானும் நம்பினேன்.

நான் நம்பியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில், பதினேழு வயதில், நானே ஒரு சங்கிலிக் கடையில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். சங்கிலிக் கடை என்ற பேச்செல்லாம் அப்போது இல்லை. கண்டியில் பெரிய கடை, மற்ற மூன்று ஊரிலும் கிளைக் கடை, நான்குக்கும் ஒரே முதலாளி. நான்கிலும் ஒரே பெயின்டர் எழுதிய பச்சைப் பலகை. நான்கிலும் ஒரே மாதிரிச் சுவர்க்கடிகாரம். காலை எட்டுக்குத் திறந்து இரவு ஏழுக்குப் பூட்ட வேண்டும், நான்கு ஊரிலும் ஒரே நேரம். முதலாளி அதில் மகா கண்டிப்பு. எட்டு ஐந்துக்குக் கதவுப் பலகை கழற்றிய கிளைக்கு அடுத்த நாள் ஆள் வந்து நிற்கும்.

என்னை ஹேவாஹெட்டக் கிளைக்குப் போட்டார்கள். நானும் வத்தேகமத்து பாரூக்கும் அங்கே சிப்பந்திகள். என் வீடும் வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்தில்தான். இருவருக்கும் வீடு எட்டாத தூரம் என்பதால் கடையிலேயே படுக்கை. சரக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாயை விரிப்போம். மழைக்காலத்தில் புதுத்துணி வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் சேர்ந்து ஒரு வாசம் வரும். இன்றைக்கும் எங்காவது துணிக் கட்டு பிரித்தால் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

ஏழு மணிக்குக் கடை பூட்டுவதெல்லாம் பலகையில் எழுதியதோடு சரி. கண்டியிலிருந்து வரும் கடைசி பஸ் ஏழரைக்கு மேல்தான் ஹேவாஹெட்டவுக்கு வரும். கடைத்தெருவுக்குக் கீழே ஒரு வளைவு. பஸ்ஸில் கடைக்கு வரவேண்டிய ஆள் இருந்தால் டிரைவர் அந்த வளைவில் இரண்டு ஹாரன் அடிப்பார். ஒன்று அடித்தால் வளைவுக்கு. இரண்டு அடித்தால் எங்களுக்கு. யார் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள் என்று தெரியாது, நாங்கள் போகும்போதே இருந்தது. இரண்டு சத்தம் கேட்டதும் சாப்பாட்டுக் கோப்பையை மூடிவைத்துவிட்டு, கதவில் இரண்டு பலகையை மட்டும் கழற்றி, பெட்ரோமாக்ஸைத் தூக்கிப் பிடிப்போம். பால்மாப் பெட்டி வாங்கக் கைப்பிள்ளையோடு வருவார்கள். சாவு வீட்டுக்கு வெள்ளைத் துணி கேட்டு வருவார்கள். ஒருமுறை மாப்பிள்ளையே வந்து தன் கல்யாணத்துக்கு வேட்டி வாங்கினார். முதலாளிக்குத் தெரியாத வியாபாரம் இல்லை அது, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்.

எனக்கு அதில் ஒரு பெருமை. எந்த நேரம் தட்டினாலும் திறக்கும் கடை எங்கள் கடை என்று கொழும்பு வந்த பிறகும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எண்பத்து மூன்று கலவரத்தோடு முதலாளி இந்தியா போனார், பச்சைப் பலகைகள் இறங்கின, பாரூக் ஊருக்குப் போனான், நான் கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் சேர்ந்தேன். இன்றைய கடைகள் ஷட்டரை இழுத்துவிட்டால் கடவுள் வந்தாலும் திறக்காது என்று திட்டுவதும் என் வழக்கம். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

ஆக, கையில் பகல் முழுதும் இருக்கிறது, கடை எட்டு மணி வரை என்று கணக்குப் போட்டு, பதினொரு மணி வரை கடைத்தெருவில் சுற்றிவிட்டு, பாரூக்கைப் பார்க்க வத்தேகமவுக்கு பஸ் ஏறினேன். கண்டியிலிருந்து பதின்மூன்று கிலோமீற்றர் இருக்கும், எழுபது ரூபா, வாகன நெரிசல் இல்லாவிட்டால் நாற்பது நிமிடம். எனக்கு ஒரு மணி நேரம் போனது. வழியில் மடவளையில் வெள்ளிக்கிழமைக் கூட்டம், தெருவே நகரவில்லை. திவ்யாவுக்கு வளையல் வாங்கலாம் என்று வத்தேகம ஆரஞ்சு போர்ட் கடைக்குப் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை பூட்டு. பக்கத்துப் பழக்கடைக்காரர், "ஜும்மா நேரம், அந்தக் கடையில வேல செய்ற அரைவாசிப் பேர் பள்ளியில. வாங்க வாற ஆக்களும் பள்ளியில. தொறந்து வச்சு என்ன செய்ற?" என்றார்.

பாரூக் வீட்டுக் கதவைத் திறந்தது அவன் மகள். "வாப்பா பள்ளிக்குப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு, உள்ள வந்து இருங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள். தொப்பியோடு வந்த பாரூக் என்னைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று, "டேய், உனக்கும் தலை வெளுத்துட்டா?" என்றான். தலை வெளுத்துப் பதினைந்து வருசமாகிறது. அதற்கு முந்தித்தான் கடைசியாகச் சந்தித்திருக்கிறோம்.

புரியாணியும் வட்டிலப்பமும் முடியாமல் எழும்பவிடவில்லை. வேட்டி வாங்கிய மாப்பிள்ளையை அவன்தான் நினைவுபடுத்தினான். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தான் கரையைத் தடவிப் பார்த்தே நிறம் சொன்னதாகச் சத்தியம் பண்ணினான், பச்சைப் பொய். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாரிக் கதையைச் சொன்னேன். அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"ஹேவாஹெட்டைக்குப் போன் பண்ணிக் கேட்டியா?"

"கண்டியில சொல்லிட்டாங்க, எட்டு மணி வரைக்கும்."

"இந்தா நம்ம ஊர்க் கடையே பகலைக்குப் பூட்டித் தொறக்குது. ஊருக்கு ஒரு நேரம்டா இப்ப. கேட்டுட்டுப் போ."

"ஒரே கம்பெனி, ஒரே போர்ட்" என்றேன். "அப்படியே பூட்டியிருந்தாலும் தட்டுனா தொறக்க மாட்டாங்களா? நாம தொறக்கல்லயா?" பாரூக் என் தட்டில் இன்னொரு துண்டு வட்டிலப்பம் வைத்தான்.

இரண்டேகாலுக்குப் புறப்பட்டு மூன்றேகாலுக்குக் கண்டி வந்தேன். ஹேவாஹெட்ட பஸ் எங்கே நிற்கும் என்று எழுதி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. கண்டியில் பஸ் நிற்கும் இடங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, இரண்டு பேரிடம் கேளுங்கள், இரண்டு பேரும் ஒரே பக்கம் கை காட்டினால் போங்கள். நான்கு மணிக்கு பஸ் வெளிக்கிட்டது. முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல், டிக்கெட் நூற்று முப்பது ரூபா, ஒன்றேமுக்கால் மணி நேரப் பயணம் என்றார்கள். இடது பக்க ஜன்னல் கிடைத்தது. அம்பிட்டிய ஏற்றத்தில் திரும்பிப் பார்த்தால் ஏரி ஒரு கைக்கண்ணாடி அளவுக்குக் கீழே தெரியும். அந்தக் காலத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டுக்குப் போய் வரும்போது ஏரி மறையும் வரை அந்த இடத்தில் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பேன். இப்போதும் திருப்பினேன்.

தலாத்துஓயாவில் மழை பிடித்துக்கொண்டது. கண்டக்டர் தம்பி மிச்சக் காசைக் கொடுத்துக்கொண்டே, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டான்.

"டவுன்ல, அந்த ஆரஞ்சு போர்ட் கடைக்கு முன்னுக்கு."

"கடைக்கா போறீங்க? அது அஞ்சே முக்காலுக்குப் பூட்டிருவாங்களே ஐயா."

"எட்டு மணி வரைக்கும்னு கண்டியில சொன்னாங்க."

"கண்டியில எட்டு மணிக்கும் வீட்டுக்குப் போக பஸ் இருக்கு. இங்க கீழ போற கடைசி பஸ் அஞ்சு அம்பத்தஞ்சுக்கு. கடையில நிக்கிற புள்ளைங்க அதுலதான் போகும்."

காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டேன். ஒன்பதேகால், மேலே வரும் முதல் பஸ்ஸில் பிள்ளைகள் வந்து இறங்கிய பிறகு. ஒன்பதுக்கு ராகுகாலம். திவ்யா அப்பன் எடுத்த சாரியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவள் அத்தைமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், செல்வி யார் முகத்தையும் பார்க்காமல் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். எல்லாம் கண் முன்னால் வந்துவிட்டது. கண்டித் தம்பிக்குப் போன் போட்டேன். "அய்யோ அங்கிள்" என்று ஹேவாஹெட்ட நம்பரைத் தந்தான். அதை அடிக்கப் பார்த்தால் மலைக்குள் சிக்னல் போய்விட்டது.

டிரைவர் சிங்களவர். கண்டக்டர் முன்னுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, சிங்களத்தில் "ஹரி ஹரி", சரி சரி என்று கையைக் காட்டிவிட்டு மிதித்தார். மிதித்து என்ன பயன், விறகு லொறி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. ஐந்தே முக்கால் ஆகும்போது இன்னும் நான்கு கிலோமீற்றர் இருந்தது. நான் எழும்பி கண்டக்டருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி, டவுனுக்குக் கீழ ஒரு வளைவு இருக்குமே, அங்க ரெண்டு ஹாரன் அடிக்கச் சொல்லுங்க."

"எதுக்கு ஐயா?"

"முந்தி அப்படித்தான். கடைக்கு ஆள் வருதுன்னு அர்த்தம்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இந்த ரோட்டுல எல்லா பஸ்ஸும் எல்லா வளைவிலயும் பத்து ஹாரன் அடிக்குது. யாருக்கு வெளங்கும்?" ஆனாலும் போய்ச் சொன்னான். டிரைவர் சிரித்துக்கொண்டே வளைவில் இரண்டு அடித்தார். வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு ஒரு ஹாரன் கேட்டது. கடைசி பஸ் கீழே வந்துகொண்டிருந்தது.

குறுகலான இடம். இரண்டு பஸ்ஸும் கண்ணாடி உரசாமல் மெல்ல நகர வேண்டும். ஜன்னலும் ஜன்னலும் நேருக்கு நேர் வந்தபோது கண்டக்டர் தகரத்தில் பட்டென்று அடித்து, "காஞ்சனா! காஞ்சனா தங்கச்சி!" என்று கத்தினான். எதிர் பஸ்ஸில் ஆரஞ்சு யூனிபோர்ம் போட்ட ஒரு பெண் ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அந்தக் கிளைக்குப் பொறுப்பு அவள், சாவி அவள் பையில். நான் மழையில் தலையை நீட்டிச் சொன்னேன்: சடங்கு, ராகுகாலம், அரக்கு சாரி, நேற்று வந்த வேன்.

"அந்தப் பார்சல் வந்துருக்குங்க. நாளைக்குக் காலையில..."

"காலையில லேட்டும்மா. தாய்மாமன் நான்."

அவள் கீழே, தன் பஸ் போக வேண்டிய திசையைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள், அதிலும் சிக்னல் இல்லை. "அப்பா நிப்பாரு" என்று பக்கத்திலிருந்த பிள்ளையிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவள் பஸ்ஸில் ஒரு மனிதர், "கடைய நாளைக்குப் பாக்கலாம், எடுங்க பஸ்ஸ!" என்று சத்தம் போட்டார். பின்னாலிருந்து மரக்கறிக் கூடையோடு இருந்த ஒரு அம்மா அதைவிடப் பெரிதாகச் சத்தம் போட்டார். "சீர்ச் சாரிங்க! பத்து நிமிசம் நின்னா ஒங்க வீடு ஓடிப்போயிருமா?" இரண்டு டிரைவர்களும் சிங்களத்தில் ஏதோ பேசினார்கள். கீழே போகும் பஸ் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தியது.

காஞ்சனா குடையோடு இறங்கி எங்கள் பஸ்ஸில் ஏறினாள். இருநூறு மீற்றர்தான். ஷட்டரைத் தூக்கி, ஒரு லைட்டை மட்டும் போட்டு, உள்ளே போய்ப் பார்சலைக் கொண்டுவந்தாள். பழைய கடை இருந்த அதே வரிசைதான், எந்தக் கட்டடம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்த ஒற்றை வெளிச்சத்தில் அவள் தாளை விலக்கி, "நிறம் சரிதானுங்களே?" என்று கேட்டபோது எனக்குப் பதினேழு வயது ஆகிவிட்டது. சந்தோசத்தில் என்ன சொன்னேன் என்றே தெரியவில்லை. ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, இறக்கத்தில் ஓட்டமும் நடையுமாக அவள் தன் பஸ்ஸுக்குப் போனாள்.

செல்வி வீட்டில் அன்றைக்கு நான்தான் கதாநாயகன். இரண்டு பஸ்ஸை நிறுத்திச் சீர் கொண்டுவந்த மாமன் என்று ராஜேந்திரனே வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். "எங்க காலத்துல இப்படித்தான், எத்தன மணிக்குத் தட்டுனாலும் தொறப்போம்" என்று நானும் நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். காலையில் தண்ணீர் ஊற்றி, அரக்கு சாரி கட்டி, திவ்யாவைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். அத்தைமாரில் மூத்தவர் கரையைத் தொட்டுப் பார்த்து, "நல்ல சாரி" என்றார். செல்வி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நான்கு ஊர் சுற்றலாம்.

சனிக்கிழமை மாலை நானும் அதே ஐந்து ஐம்பத்தைந்து பஸ்ஸில்தான் திரும்பினேன். காஞ்சனாவும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் ஏறினார்கள். கட்டிக்கொண்டு வந்த பலகாரத்தை அவளிடம் கொடுத்து நன்றி சொன்னேன். "பரவால்லங்க" என்றாள். பொதியை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பாதான் பயந்துட்டாரு" என்றாள்.

"ஏம்மா, கொஞ்சம் லேட்டுத்தானே?"

"நாங்க எறங்குற எடத்துல லைட் இல்லீங்க. வீட்டுக்கு மேல ஏறணும், தேயிலைக்குள்ளால. அப்பா தினம் வந்து நிப்பாரு. நேத்து மழை வேற, பஸ்ஸக் காணல, போனும் எடுக்கல. பஸ் பொரண்டுருச்சோன்னு ரோட்டுலயே மேல நடக்கத் தொடங்கிட்டாரு. நாங்க வரக்குள்ள அரை மைல் தாண்டி வந்துட்டாரு."

பாலத்தடி என்ற இடத்தில் பஸ் நின்றது. நல்ல இருட்டு. பாலத்துச் சுவரில் சாய்ந்து ஒருவர், என் வயதுதான் இருக்கும், கம்பளித் தொப்பி, கக்கத்தில் குடை, கையில் டோர்ச். முதலில் பஸ் படியில்தான் வெளிச்சத்தை அடித்தார். அவள் இறங்கியதும் அதை அணைத்தார். அவள் ஏதோ சொல்லி என் ஜன்னலைக் காட்டினாள். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் கிட்டே வந்து தொப்பியைக் கழற்றினார். "ஐயா, சாரி சரியா இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு." பஸ் எடுத்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன், டோர்ச் வெளிச்சம் தேயிலைக்குள் ஏறிக்கொண்டிருந்தது, அவளை முன்னால் விட்டு அவர் பின்னால்.

கண்டி வரும் வரை இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் கடை எந்த நேரமும் திறந்ததற்கு எங்களுடைய நல்ல மனதுதான் காரணம் என்று நாற்பது வருசமாக நினைத்திருந்தேன். நல்ல மனதும் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்கும் பாரூக்குக்கும் போவதற்கு வீடு இல்லை. ஏழு மணிக்கு எங்களுக்காக யாரும் எந்தப் பாலத்தடியிலும் நிற்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும்தான் அம்மா என்னை எதிர்பார்ப்பாள், அன்றைக்கு நானும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. அந்தப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தை இப்போதும் ஆசையாகத்தான் நினைக்கிறேன். அதைக் காட்டி இந்தப் பிள்ளைகளைத் திட்டுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

போகிறவர்களுக்கு: பெயர் ஒன்றாக இருக்கிறது என்று நேரமும் ஒன்று என்று எண்ணாதீர்கள். போகப்போகும் கிளைக்கே, கண்டியை விட்டுக் கிளம்பும் முன்னரே, சிக்னல் இருக்கும்போதே போன் பண்ணுங்கள். கடுகண்ணாவையில் காலை ஆறரைக்கே வாங்கலாம், அது ரயிலின் நேரம். வத்தேகமவில் வெள்ளி பகல் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை போகாதீர்கள், அது தொழுகையின் நேரம். நல்ல சிநேகிதன் இருந்தால் சாப்பிடப் போகலாம். கண்டியில் இரவு எட்டு வரை அவசரமில்லை. ஹேவாஹெட்டவுக்குப் பகல் இரண்டு மணிக்கு முந்திய பஸ்ஸைப் பிடியுங்கள், மழை என்றால் இன்னும் முந்தி. அங்கே ஐந்தே முக்கால் என்றால் ஐந்தே முக்கால்தான். பிந்திப் போய் ஷட்டர் இறங்கியிருந்தால் தட்டாதீர்கள், ஹாரனும் அடிக்கச் சொல்லாதீர்கள். கீழே பாலத்தடியில் ஒருவர் டோர்ச்சோடு வந்து நின்றிருப்பார்.